மாடி அறைக் கேபிள்

மகனும் மருமகளும் எங்களோடேயே தங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெரிய டிவியை வாங்கினேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம், "உனக்கு முட்டி வலி. வெளிய எங்கயும் போக முடியல. வீட்டுல உக்காந்து நல்லதா ஏதாவது பாரு" என்றேன்.

"கிரைண்டர் கல்லு தேஞ்சு போச்சுனு எவ்ளோ நாளா சொல்றேன். அதை மாத்தித் தரல. எனக்காக டிவியாம்" என்றாள் அவள்.

டிவி யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களையெல்லாம் மருமகளின் கம்பெனி பெங்களூருக்குத் திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருந்தது. தொடர்ந்து இங்கிருந்தே வேலை செய்ய அவள் அனுமதி கேட்டிருந்தாள். கிடைத்தால் எங்கள் மாடியில் இருப்பார்கள். கிடைக்காவிட்டால் மகனும் தன் வங்கியில் மாற்றல் வாங்கிக்கொண்டு அவளோடு கிளம்பிவிடுவான். கீழே நாங்கள் இரண்டு பேர், மேலே காலி அறைகள். சாயங்காலமானால் அவர்கள் இறங்கி வந்து எங்களோடு உட்கார ஏதாவது ஒரு காரணம் இருந்தால் போதும், மனம் இங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். டிவிதான் அந்தக் காரணம்.

எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அவர்கள் வரும்வரை மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் குளிர் காலத்தில் வந்து, வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். அவர்களிடம் ஒரு சாவி கொடுப்பேன். இன்னொன்று என் இடுப்பில் இருக்கும். அவர்கள் தியானத்துக்கோ மலைப் பக்கமோ போனதும் மாடியேறிப் போய்ப் பார்ப்பேன். ஃபேன் சும்மா ஓடுகிறதா, கரண்ட் அடுப்பு வைத்துச் சமைக்கிறார்களா, மெழுகுவத்தி ஒழுகித் தரை கெட்டதா என்று பார்ப்பேன். யாரும் எதையும் எடுத்ததில்லை, உடைத்ததில்லை. ஆனாலும் பார்ப்பேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். என் சந்தேக புத்திக்கு அந்தக் கௌரவமான பெயரை வைத்துக்கொண்டு காலம் ஓட்டினேன். மகன் வந்தபோது மாடிக் கதவின் பூட்டைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாள் மட்டும் வைத்தோம். வீட்டு மனிதர்களுக்கு எதற்குப் பூட்டு?

டிவியைச் சுவரில் மாட்டினார்கள். இன்டர்நெட்காரர்கள் கொடுத்த பாக்ஸ் ஜன்னலோர அலமாரியில் இருந்தது. ஃபோர்-கே என்கிற மிகத் துல்லியமான படம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். பாக்ஸோடு வந்த கேபிள் அலமாரியிலிருந்து டிவிக்கு எட்டவில்லை. மூன்று மீட்டர் கேபிள் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. டிவிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், இந்தக் கேபிளில் யாரோ என்னை ஏமாற்றப்போகிறார்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

தேரடி வீதியில் ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, நகைக்கடையில் காட்டுவதுபோல இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"தங்க முலாம் சார். எய்ட்-கேனு போட்டிருக்கு பாருங்க."

"என் டிவி ஃபோர்-கேதானே?"

"நாளைக்கு மாத்துவீங்க இல்ல?"

"எனக்கு எழுபது ஆகப்போகுது. இனிமே டிவி மாத்துவேனா?"

"பையன் மாத்துவாரு சார்."

"இந்தத் தங்கத்தை அடகு வெச்சா எவ்ளோ குடுப்பாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டார். விலை, ஒரு நல்ல புடவையின் விலை.

அதே வீதியில் இன்னொரு கடையில், பாலித்தீன் கவரில் சுருட்டிப் போட்டிருந்ததை எடுத்துக் காட்டினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் கம்மி. "ரெண்டும் ஒண்ணுதான் சார். அட்டைப்பொட்டிக்குத்தான் அங்க காசு" என்றார் அந்தக் கடைக்காரர். முன்னது அதிக விலை என்பதால் சந்தேகம் வந்தது. இது கம்மி விலை என்பதால் வந்தது. இரண்டையும் வாங்காமல் ஆட்டோவுக்குச் செலவழித்ததுதான் மிச்சம்.

இரவு சாப்பாட்டின்போது மருமகள் சிரித்தாள். "தங்கம் வெள்ளி எல்லாம் பாக்காதீங்க மாமா. மூணு மீட்டருக்குள்ளதானே? நடுத்தர விலையில இருக்கறதே போதும். டப்பா மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கணும். அதை ஃபோன்ல ஸ்கேன் பண்ணா அந்தக் கேபிளோட பேரே வரணும். வந்தா நெஜம், வரலேன்னா டூப்ளிகேட். அவ்ளோதான்."

அவள் சொன்னதில் இயற்பியல் சரியாக இருந்தது. எண்களாகப் போகும் சமிக்ஞை அது. போய்ச் சேர்ந்தால் முழுப் படம். சேராவிட்டால் புள்ளியும் கோடும், இல்லை இருட்டு. தங்கம் பூசியதால் திரையில் வரும் புலி அதிகம் புலியாகத் தெரியப்போவதில்லை. நானே வகுப்பில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். தன் மானிட்டருக்கும் ஒன்று வேண்டுமென்று, ஒரே மாதிரி இரண்டு கேபிள்களை ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். இரண்டாக வாங்கினால் விலையும் குறையுமாம்.

பார்சல் வந்தபோது நான் வீட்டில் இல்லை. பென்ஷன் வேலையாகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஹாலில் ஒரு கேபிள் மாட்டியாகிவிட்டது. இன்னொன்று மாடிக்குப் போய்விட்டது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன். டிவியில் ஏதோ ஒரு காட்டில் மழை பெய்தது. இலையில் விழுந்த சொட்டு உடைவதுகூடத் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவி, "நம்ம தெருவுல மழை பேஞ்சாக்கூட இவ்ளோ சுத்தமா தெரியாது" என்றாள். அடுத்தடுத்த நாட்களிலும் அவர்கள் இறங்கி வந்தார்கள். என் எண்ணம் பலிக்கிறது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு அவர்கள் இருவரும் ஆரணியில் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். நானும் மனைவியும் வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மிக்சி, மோட்டார் சுவிட்ச், ஸ்கூட்டர், தையல் மிஷின், என் பழைய ஸ்க்ரூடிரைவர் பெட்டி, கடைசியில் டிவி. துடைப்பதற்காகக் கேபிளையும் கழற்றியிருந்தேன். "அதுவும் இந்த வருஷம்தானே வந்துது, அதுக்கும் வெச்சுடுங்க" என்று மனைவி தட்டை நீட்டினாள். வைத்தேன். அன்று முழுக்க எதையும் இயக்காமல் சாமி முன்னால் ஓய்வு கொடுத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம்.

கொஞ்ச நாளில் டிவி கண் சிமிட்ட ஆரம்பித்தது. நல்ல கட்டத்தில் திரை இருண்டு, மூச்சு விடுவதற்குள் திரும்பி வரும். முதலில் இன்டர்நெட்காரர்களைச் சந்தேகப்பட்டேன். வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாருக்கு சார்" என்றார்கள். பிறகு கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு டிவி விற்றவரைச் சந்தேகப்பட்டுப் போனில் சண்டை போட்டேன். "கேபிளைப் பாருங்க சார்" என்றார் அவர். கேபிள் என்றதும் என் புத்தி நேராக மாடியேறியது.

ஒரு காலையில் மருமகள் காபி எடுத்துப் போக வந்தாள். "மேல உன் மானிட்டர் எப்படிம்மா வருது?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"சூப்பரா வருது மாமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்த 'சூப்பரா'தான் அவளுக்கு எதிரான சாட்சியாக எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பழைய பேப்பர் போடும் மூட்டையைக் கிளறினேன். ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்றுதான் கிடைத்தது. இரண்டு கேபிளுக்கு இரண்டு பெட்டி இருக்க வேண்டாமா? அப்படியானால் ஒன்றுதான் அசல். அசல் மேலே போய்விட்டது, கீழே கிழவன் கிழவிக்கு இது போதும் என்று மட்டமானதை மாட்டிவிட்டாள். இப்படியெல்லாம் ஒரு படித்த மனிதன் நினைப்பானா என்று கேட்டால், நினைத்தேன். பெட்டியைத் தேடியதை விட்டுவிட்டு, கேபிள் சந்தேகத்தை மட்டும் மனைவியிடமும் சொன்னேன்.

"இன்னாங்க நீங்க, ஒரு ஒயருக்குப் போயி. அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடுங்களேன்."

"கேட்டா, ஆமா மாமா நான்தான் மாத்தி வெச்சேன்னு சொல்லுவாளா?"

"உங்களுக்கு அந்த வெள்ளக்காரங்கள வேவு பாத்த புத்தி இன்னும் போகல" என்று அவள் கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போளூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் கிளம்பிப் போனார்கள். பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு ஹால் கேபிளைக் கழற்றிச் சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாடியேறினேன்.

தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனேன். மகனும் மருமகளும் படுக்கும் அறை. கட்டில்மேல் அவள் கட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்ட புடவை குவிந்து கிடந்தது. கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுகள். நான் திரும்பி வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் மேஜைக்குக் கீழே, இங்கே குடிவந்தபோது கொண்டுவந்த பெட்டிகள் இரண்டும் இன்னும் பரணில் ஏறாமல் நிற்பதைப் பார்த்தேன். இவ்வளவு மாதமாகியும் ஏன் ஏற்றவில்லை? போவதற்குத் தயாராகவா? குனிந்து ஒன்றைத் தூக்கிக்கூடப் பார்த்தேன், கனக்கிறதா என்று. கனத்தது. அது எதைக் காட்டுகிறது என்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மானிட்டரிலிருந்து அவள் கேபிளைப் பிடுங்கி, ஹால் கேபிளை அதன் இடத்தில் செருகினேன். ஒயர் எப்படி வளைந்து கிடந்ததோ அப்படியே வளைத்து வைத்தேன். வாடகைக்காரர்கள் அறையில் பழகிய கைகள்.

கீழே வந்து அவளுடைய கேபிளை மாட்டினேன். சாயங்காலம்வரை படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. பார்த்தாயா என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவளுக்கு நான் செய்தது தெரியாது. அவள் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கேற்றும் நேரத்தில் திரை இருண்டது, திரும்பி வந்தது. மறுபடி இருண்டது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. இதுவும் டூப்ளிகேட்தானோ என்றுதான் தோன்றியது.

அடுத்த நாள்தான் மருமகளுக்கு முக்கியமான நாள். அவளுடைய வேலையைப் பெங்களூர் அதிகாரிகளுக்கு விளக்கிக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் அனுமதி தருவார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். கீழே எனக்கு மேலே நடப்பது பாதி கேட்கும். முதலில் அவள் குரல் நிதானமாக இருந்தது. பிறகு "ஒன் மினிட், சாரி" என்று கேட்டது. நாற்காலி இழுபட்டது. மறுபடி "சாரி". என் கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு வரிகூட ஏறவில்லை.

மதியம் அவள் இறங்கி வந்தாள். கையில் கேபிள்.

"மாமா, என் மானிட்டர் ஒயரை யாராவது மாத்தினீங்களா?"

"எது?" என்றேன்.

"இது. மீட்டிங் நடுவுல விட்டு விட்டு வந்துது. கடைசியில புடுங்கிப் போட்டுட்டு லேப்டாப்லயே ஓட்டினேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்."

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பொய் சொன்னேன்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் கேபிளின் முனையைத் திருப்பிக் காட்டினாள். உலோக வாய்க்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பு. "இது இன்னா மாமா, சந்தனமா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆமா, ஆயுத பூஜைக்கு மாமாதான் வெச்சாரு. வாய்க்குள்ளயா போச்சு? ஐயோ, தட்டை நான்தான் நீட்டினேன். ஒயருக்கும் வெக்கச் சொன்னதே..."

அங்கே நிறுத்திக்கொண்டாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"ஆயுத பூஜைக்கு நாங்க ஆரணியில இருந்தோம் அத்தை. மாடியில யாரும் பொட்டு வெக்கலையே" என்றாள் மருமகள். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை, ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா மாத்தினேன்" என்றேன். "நேத்து. நீங்க போளூர் போனப்போ."

"எதுக்கு மாமா?"

நல்லதை மேலே வைத்துக்கொண்டு மட்டமானதை எங்களுக்குக் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பம் என்று என் காதுக்கே கேட்டது. கேபிளின் அட்டைப்பெட்டி ஒன்றுதான் கிடைத்தது என்றும் சொன்னேன். என் மனைவி சாமி அலமாரியைத் திறந்து இன்னொரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதே ஸ்டிக்கர், பளபளவென்று. உள்ளே விளக்குத் திரியும் கற்பூரமும்.

மருமகள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. "கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்" என்றாள். பிறகு, "எங்க ரூம்ல வேற எதெல்லாம் பாத்தீங்க மாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கலம்மா."

அது அன்றைய இரண்டாவது பொய். மாடியில் அவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்த கை மடிமேல் கிடந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகனுக்கும் விஷயம் தெரிந்தது. "எங்களையும் வாடகைக்கு இருக்கறவங்கனு நெனச்சுட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். சின்ன வயதில் அவனையும் கூட்டிக்கொண்டுதான் அந்த அறைகளைப் பார்க்கப் போவேன். சாவியை அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வேன். அவன் அதை மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. தொந்தரவுக்கு நடுவிலும் அவள் நன்றாகச் செய்திருக்கிறாள். அனுமதி கொடுத்துவிட்டார்கள். இந்தச் செய்திக்காகத்தான் நான் டிவி வாங்கிக் காத்திருந்தேன். மகன் அதைச் சாப்பிடும்போது, உப்பு கேட்பதுபோலச் சொன்னான். "இனிமே இருக்கறதும் போறதும் எங்க இஷ்டம்தான். யோசிச்சு சொல்றோம்." முன்பு அவர்கள் போவதாக இருந்தால் கம்பெனிதான் காரணமாக இருந்திருக்கும். இப்போது போனால் காரணம் நான்.

கேபிள்களின் வாயையும் டிவியின் துளையையும் மெல்லிய பிரஷ்ஷால், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். டிவியின் துளையிலிருந்தும் சந்தனம் பொடியாக உதிர்ந்தது; அவளுடைய கேபிளை மாட்டியும் திரை இருண்டது அதனால்தான். இரண்டுமே அசல் கேபிள், இரண்டுமே நல்ல கேபிள். திரை அதற்குப் பிறகு ஒரு தரம்கூட இருளவில்லை. ஆனால் சாயங்காலங்களில் அவர்கள் இறங்கி வரவில்லை. மேலே லேப்டாப்பில் எதையோ போட்டுப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்கும். கீழே அத்தனை பெரிய திரையில் நாங்கள் இரண்டு பேர். மனைவி பாதியிலேயே எழுந்து போய்ப் படுத்துவிடுவாள்.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தெரிந்தது. மாமனார் மருமகளிடம் எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. கடைசியில் ஹார்டுவேர் கடைக்குப் போய், கதவில் பதிக்கும் நல்ல பூட்டு ஒன்று வாங்கினேன். ஆசாரியை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கடையை ஒட்டியே மரத்தடியில் மாற்றுச் சாவி செய்பவர் உட்கார்ந்திருந்தார். அவர் அரம் தேய்க்கும் சத்தத்தில் என் கால்கள் நின்றன. பூட்டுப் பொட்டலம் கையில். அவசரத்துக்கு ஒன்று இருந்தால் நல்லதுதானே, மேலே யாருக்காவது முடியாமல் போய்விட்டால், கேஸ் கசிந்துவிட்டால் என்றெல்லாம் மனம் வரிசையாக நியாயங்களை எடுத்துக் கொடுத்தது. "சாவியா சார்?" என்று அவர் கை நீட்டினார். நான் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஆசாரி பூட்டைப் பதித்துவிட்டுப் போனதும், வளையத்தோடு சாவிகளை மருமகளிடம் கொடுத்தேன்.

"நான் செஞ்சது தப்பும்மா. வேவு பாத்தது தப்பு. பொய் சொன்னதும் தப்பு. உங்க பெட்டியத் தூக்கிக்கூடப் பாத்தேன், அதுவும் தப்பு. இனிமே உங்க கதவு உங்களோடது."

பெட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது. முகம் மாறியது. பிறகு சாவிகளைக் கையில் புரட்டினாள்.

"மூணுதான் வந்துதா மாமா?"

"மூணுதாம்மா."

அவள் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். வாடகைக்கு வருகிறவர்களை, சமைக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகும், நான் அப்படித்தான் பார்ப்பேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த மரத்தடியில் நின்றவன் எந்த முகத்தோடு கோபப்படுவது? அவள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.

அன்று பிற்பகல் மாடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போய்ப் பாத்துட்டு வரவா?" என்றாள். வேண்டாம் என்றேன். நாற்காலிமேல் யாரோ ஏறினார்கள். ஏதோ கனமானது பரணில் மோதி உள்ளே நகர்ந்தது. பிறகு இன்னொன்று.

சாயங்காலம் காபி முடிந்த நேரத்தில் மருமகள் டிவி பார்க்க இறங்கி வந்தாள். படியில் அவள் காலடிக்கு முன்னால், மேலே பூட்டு விழும் சத்தம் கேட்டது.